கோடையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைநடை: டர்பனிலிருந்து புறப்படும் புதியவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டு, ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நாங்கள் நால்வர் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் ஒரு காட்டாற்றின் அக்கரையில் இரண்டரை மணி நேரம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம். காலையில் செருப்புக்கூட நனையாமல் கல்மேல் கல்லாகத் தாண்டிய அதே ஓடை, பிற்பகல் நான்கு மணிக்குச் சேற்று நிறத்தில் மார்பளவுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கார் இக்கரையில், சாப்பாடு காரில். நாங்கள் அங்கே இருப்பது எவருக்கும் தெரியாது. நுழைவாயிலில் இருந்த பதிவேட்டில் நாங்கள் எழுதியிருக்கவில்லை. ஆறரை மணிக்கு நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிய பிறகு, பல் கிட்டிக்கக் கடந்து வந்து சேர்ந்தோம்.

மறுவாரம் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த மூத்த தமிழர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு நடக்க ஆரம்பிச்சீங்க, தம்பி?" என்பதுதான். பத்து மணி என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அதன்பின் பல கோடைகள் அங்கே நடந்துவிட்டேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் உறவினரைப் பார்க்கவும் இங்கே வருகிறவர்கள், கொடைக்கானலுக்கும் நுவரெலியாவுக்கும் போகும் நினைப்பிலேயே பெர்க்குக்கும் புறப்படுகிறார்கள் (இங்கே எல்லாரும் அந்த மலைத்தொடரைப் பெர்க் என்றே சொல்வார்கள்). அவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கோடை என்ற சொல்லை முதலில் மாற்றிப் பொருள் கொள்ளுங்கள்

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம் என்பதால், இங்கே கோடை நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்கழி மாதம் உச்ச வெயில். இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் ஏமாறுவது அடுத்த செய்தியில்: டிராக்கன்ஸ்பெர்க்கில் கோடைதான் மழைக்காலம். ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. மே முதல் ஆகஸ்டு வரையான குளிர்காலம் வறண்டது, வானம் தெளிந்தது; ஆனால் புல் பழுப்பேறி, அருவிகள் நூலாகி, விடியற்காலையில் தண்ணீர்ப் புட்டி உறைந்து கிடக்கும். பச்சையும் அருவியும் நீண்ட பகலும் வேண்டுமென்றால் கோடையில்தான் போக வேண்டும். போனால் இடிமழையோடு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும்.

அந்த இடிமழை நமக்கு அன்னியமானதல்ல. ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை முழுதும் வெயில் கொளுத்தி, மூன்று மணிக்கு மேற்கே கறுத்து, நாலு மணிக்கு இடியோடு கொட்டி, ஆறு மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல் வெளுக்குமே, அதே கோடைமழைதான் இது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, வெயிலில் சூடேறிய மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது; ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. சமவெளியில் வாரத்துக்கு ஒருமுறை நடப்பது, 3,000 மீட்டர் உயரச் சுவர் ஒன்று காற்றை மேலே தள்ளுவதால் இங்கே நாள்தோறும்கூட நடக்கும். ஒன்பது மணிக்கு வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். பதினொன்றுக்கு மலைவிளிம்பின்மேல் வெள்ளைப் பஞ்சுப் பொதிகள் தோன்றும். பன்னிரண்டரைக்கு அவை உயர்ந்து அடியில் கறுக்கும். இரண்டு மணிக்கு முதல் இடி. நாள்தோறும் இப்படியே என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இப்படித்தான் என்று வைத்துத் திட்டமிடுகிறவர்கள் நனையாமல் வீடு திரும்புகிறார்கள்.

இன்னொரு வகைக் கெட்ட வானிலையும் உண்டு. தெற்கேயிருந்து ஒரு குளிர்முகம் (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்துபோன பின்னர், கடற்காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் வீசி, மலை முழுவதையும் மூடுபனியாலும் தூறலாலும் போர்த்திவிடும். இதில் இடி குறைவு. பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் இந்த நாள்களில்தான் வழி தவறுதலும் உடல் விறைத்துப்போவதும் நேர்கின்றன. மலையின் மேல்விளிம்பில் எந்த மாதத்திலும் வெண்பனி விழக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

2. உங்கள் நாளுக்கு ஏற்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள்

மலையை இரண்டு மாடிக் கட்டடமாக நினைத்துக்கொண்டால் போதும். கீழ்மாடி, மணற்பாறையால் ஆன சிறுமலைகள், ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மீட்டர் வரை. இதை லிட்டில் பெர்க் என்பார்கள். மேல்மாடி, கரும்பாறைச் சுவராக எழுந்து 3,000 மீட்டரில் லெசோத்தோ நாட்டின் மேட்டுநிலத்தைத் தொடும் விளிம்பு. கோடையில் முதன்முறை போகிறவர்கள் கீழ்மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே மழை பிடித்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காருக்கு வந்துவிடலாம்.

மாங்க்ஸ் கவுல் வாயிலிலிருந்து ஸ்டெர்க்ஸ்பிரெய்ட் அருவிக்கும் ஸ்ஃபிங்ஸ் பாறைக்கும் போகும் பாதைகள் தொடக்கத்துக்கு மிக நல்லவை. ராயல் நேட்டல் பூங்காவில் துகேலா பள்ளத்தாக்கு நடை போக வர ஏறத்தாழ 14 கி.மீ.; காட்சிக்கு ஈடில்லை, ஆனால் கடைசிப் பகுதியில் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும், ஆகவே முந்தைய நாள் பெருமழை பெய்திருந்தால் அந்தப் பகுதிக்குமுன் திரும்பிவிட வேண்டும். கதீட்ரல் பீக் பகுதியின் ரெயின்போ கோர்ஜுக்கும் இதே எச்சரிக்கை.

3,004 மீட்டர் கதீட்ரல் பீக் உச்சியை இணையப் படங்களில் பார்த்துவிட்டு அங்கேயே முதலில் போக ஆசைப்படுகிறவர்கள் பலர். போக வர ஒன்பது, பத்து மணி நேரம். இறுதியில் கையூன்றிப் பாறை ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் இருக்கும்போது இடி தொடங்கினால் ஓடி ஒளிய இடமில்லை. கோடையில் இதை முதல் நடையாக வைப்பது, என் கருத்தில், வெறும் பிடிவாதம்.

சென்டினல் சிகரத்தின் வழியாகச் சங்கிலி ஏணிகளில் ஏறி, ஆம்பிதியேட்டர் என்னும் பெரும் பாறைச் சுவரின் உச்சிக்குப் போகும் பாதை நடுத்தரம். கார் நிறுத்துமிடமே ஏறத்தாழ 2,500 மீட்டரில் இருப்பதால் ஏற்றம் குறைவு. ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஏணிகள் இரும்பு. திறந்த பாறைச் சுவரில் தொங்கும் இரும்பு ஏணியில், மின்னல் நேரத்தில் நீங்கள் இருக்கக் கூடாது. ஏறும்போது அல்ல, இறங்கும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் இந்தப் பாதையை முடிவுசெய்ய வேண்டும்.

3. ஆவணங்களை எடுத்து வையுங்கள்

வேண்டியவை சில தாள்கள்தான்; ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது.

அடையாளச் சான்று. தென்னாப்பிரிக்க அடையாள அட்டை இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். மூலத்தை நனையாத பிளாஸ்டிக் உறையில் போட்டு முதுகுப்பையின் நடுவில் வையுங்கள். என் நண்பர் ஒருவர் வெளிப்பையில் வைத்து, வேலை விசாவின் முத்திரை மையெல்லாம் கரைந்து, அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைந்தார்.

சானி கணவாய் வழியாக மேலே போக விரும்பினால், 2,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்த உச்சி லெசோத்தோ என்ற வேறு நாடு. பாஸ்போர்ட் கட்டாயம், உங்கள் நாட்டவருக்கு லெசோத்தோ விசா தேவையா என்று முன்பே விசாரியுங்கள். அதைவிடப் பெரிய பொறி, உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டுமானதா என்பது; லெசோத்தோவிலிருந்து திரும்பி வருவது மறுநுழைவு. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஆசையாகச் சானிக்கு அழைத்துப் போகுமுன் அவர்களுடைய விசாவின் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

ஓட்டுநர் உரிமம். ஆங்கிலத்தில் அச்சாகி, படமும் கையொப்பமும் உள்ள உரிமமே வழியில் கேட்கப்படும். ஐயமிருந்தால் ஊரிலிருந்து வரும்போதே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வந்துவிடுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் மண்சாலை பற்றிய பிரிவையும் ஆலங்கட்டிச் சேதம் பற்றிய பிரிவையும் படிக்க வேண்டும். கோடையில் ஆலங்கட்டி மழை இங்கே அபூர்வம் அல்ல.

காப்பீடு. பயணக் காப்பீட்டில் சில பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலான மலைநடையை விலக்கிவிடுகின்றன. நீங்கள் போகும் விளிம்பு 3,000 மீட்டர் என்பதை நினைவில் வைத்து அந்தப் பிரிவைத் தேடுங்கள்.

நுழைவுச் சீட்டும் பதிவேடும். டர்பன் இருக்கும் க்வாசூலு-நேட்டல் மாகாணத்தில் பெரும்பாலான வாயில்கள் எசெம்வெலோ என்னும் மாகாண வனவிலங்கு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. நுழைவுக் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்குவது ஒன்று. மலைப் பதிவேட்டில் எழுதுவது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்ததே நாங்கள் செய்த பிழை. பதிவேட்டில் பெயர்கள், பாதை, திரும்பும் நேரம், கார் எண், உடைகளின் நிறம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் ஆகியவற்றைக் கேட்பார்கள். உண்மையான பாதையை எழுதுங்கள். நடுவில் மனம் மாறி வேறு பாதையில் போகாதீர்கள், ஏனெனில் தேடி வருகிறவர்கள் நீங்கள் எழுதிய பாதையில்தான் தேடுவார்கள். இரவு தங்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும்.

இன்னொன்று, வாயில் திறக்கும் நேரமும் அலுவலகம் திறக்கும் நேரமும் ஒன்றல்ல. கோடையில் வாயில் பெரும்பாலும் அதிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். அலுவலகத்தில் ஆள் வர மேலும் இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். முந்தைய நாள் மாலையே போய்க் கட்டணத்தையும் பதிவையும் முடித்துக்கொள்ள முடியுமா, முடியாவிட்டால் விடியற்காலையில் பதிவேடு எங்கே இருக்கும் என்று தொலைபேசியில் கேட்டு வையுங்கள். இந்த ஓர் அழைப்பு உங்களுக்கு மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. செலவைக் கணக்கிடுங்கள்

டர்பனிலிருந்து மாங்க்ஸ் கவுல் ஏறத்தாழ 240 கி.மீ., மூன்று மணி நேரம். ராயல் நேட்டலுக்கு இன்னும் கூடுதல். போக வர 500 கி.மீ. என்று வைத்தால் சிறிய காருக்கு 35 முதல் 40 லிட்டர் பெட்ரோல் ஆகும். ரேண்டில் சொல்லாமல் லிட்டரில் சொல்வதற்குக் காரணம் உண்டு: இங்கே பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும். என்-3 நெடுஞ்சாலையில் மரியன்ஹில்லிலும் மூயி ரிவரிலும் சுங்கம் கட்ட வேண்டும், போகவும் வரவும்.

நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். தொகை அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் பதிவு பற்றிக் கேட்கும் அதே அழைப்பிலேயே இதையும் கேளுங்கள். சென்டினல் போகிறவர்கள் சாலையின் கடைசிப் பகுதி மிக மோசமாக இருக்கும் என்பதை எதிர்பார்த்து, அருகிலுள்ள விடுதியிலிருந்து ஏற்றிச் செல்லும் ஃபோர் பை ஃபோர் வண்டிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அட்டை இயந்திரம் இணைப்பில்லாமல் நிற்கும் இடங்கள் இவை. கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

இவையெல்லாம் சில்லறை. பெரிய செலவு முந்தைய இரவு மலையடியில் தங்குவது. நம்மவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதும் அதைத்தான். "காலை ஆறுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குப் போய்விடலாமே" என்று கணக்குப் போடுவார்கள். ஒன்பதுக்குப் போய், கழிப்பறை, காபி, சீட்டு எல்லாம் முடித்து, பத்துக்கு நடக்கத் தொடங்கி, இரண்டு மணி இடிமழையை மிகச்சரியாக உச்சியில் சந்திப்பார்கள். நாங்கள் சந்தித்தோம். ஒன்று, தங்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையேல் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் அருவிப் பாதையோடு திருப்திப்படுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை பள்ளி விடுமுறை. அறை வாடகை ஏறும், கிடைப்பதும் அரிது, பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். வானிலை கெட்டது என்பதற்காகப் பெரும்பாலும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்; தேதியை மாற்றித் தருவார்களா என்று பதியும்போதே கேளுங்கள். பிப்ரவரி வாரநாள் ஒன்றில் விடுப்பு கிடைத்தால் மலையும் காலியாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும்.

5. வானிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கைப்பேசியில் வின்டர்டன் என்றோ பெர்க்வில் என்றோ தட்டினால் வருவது அடிவாரத்து ஊரின் வானிலை. மேலே போகப் போக, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறையும். கதீட்ரல் பீக் அடிவாரப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர். அங்கே 27 டிகிரி என்றால் உச்சியில் 17. அதோடு காற்றும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பதினேழு, ஏழு போலத்தான் உடம்பில் உறைக்கும்.

"மழைக்கு 40 சதவீத வாய்ப்பு" என்பதைப் பார்த்து, அறுபது நம் பக்கம் என்று மகிழாதீர்கள். கோடை இடிமழை திட்டுத்திட்டாகப் பெய்வது. ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும்போது அடுத்ததில் வெயில் அடிக்கும். ஆகவே சதவீதத்தை விட மணிக்கணக்கு அறிக்கையைப் பாருங்கள்: எத்தனை மணிக்கு இடி தொடங்கும் என்கிறது? இரண்டு மணி என்றால், பன்னிரண்டுக்குள் உயரமான இடத்தை விட்டு இறங்கியாக வேண்டும். பதினொன்று என்றே காட்டினால் அன்று மேலே போக வேண்டாம். விடியற்காலையிலேயே மலைவிளிம்பு மேகத்தில் மறைந்திருந்தால் அது இரண்டாம் வகை வானிலை; நாள் முழுதும் வெளுக்காது.

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவை கடும் வானிலைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை கோடையில் அடிக்கடி வரும். அதில் சீக்கிரம் புறப்பட்டுச் சீக்கிரம் திரும்பும் கீழ்மாடி நடை போகலாம். ஆரஞ்சு என்றால் அறையிலேயே இருங்கள். சிவப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலைக்குள் இணைப்பு கிடைக்காது என்பதால், முந்தைய இரவும் புறப்படும் முன்னரும் பார்த்துவிடுங்கள்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

வெயிலுக்கு இதம் என்று ஊரிலிருந்தே நமக்குப் பழகிப்போன பருத்திச் சட்டை, நனைந்தால் உலராது. உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விரைவில் உலரும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் போட ஒரு கம்பளி அல்லது ஃபிளீஸ் மேற்சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் உண்மையாகவே நீர் புகாத மழைச்சட்டை, இந்த மூன்றும் எவ்வளவு வெயிலான காலையிலும் பையில் இருக்க வேண்டும். பணம் செலவழிக்க ஒரே ஒரு பொருள்தான் என்றால் மழைச்சட்டைக்குச் செலவழியுங்கள். குடை வேண்டாம்; காற்று அதைப் பிடுங்கிவிடும்.

டிசம்பர் வெயில் ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே நிற்கும், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். நம் தோல் கறுப்புதானே என்று இருந்தவர்கள் கழுத்தும் காதும் உரிந்து திரும்பியிருக்கிறார்கள். தொப்பியும் வெயில் களிம்பும் எடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், அச்சிட்ட வரைபடம், விசில், தாள்களுக்கு நீர் புகாத உறை. சாப்பாட்டுக்குப் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் அருமையாகத் தாங்கும். மலேரியாவுக்குப் பயப்பட வேண்டாம், டிராக்கன்ஸ்பெர்க்கில் அது இல்லை. ஆனால் கோடையில் பாம்புகள் பாதையில் வெயில் காயும், கால் வைக்குமிடத்தைப் பார்த்து நடங்கள்.

7. நாளை நண்பகலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கோடையில் விடிவது சுமார் ஐந்து மணிக்கு, இருட்டுவது ஏழுக்கு மேல். பதினான்கு மணி நேரப் பகல் என்று தோன்றும். நடப்பவருக்கு அதில் பாதிதான் சொந்தம். நண்பகல் பன்னிரண்டை எல்லையாக வைத்து, அதற்குள் முகட்டிலிருந்தும் திறந்த வெளியிலிருந்தும் இறங்கி முடித்திருக்க வேண்டும் என்று கொண்டு எண்ணுங்கள்.

எடுத்துக்காட்டாகச் சென்டினல் நடை. ஏணிகளிலிருந்து கார் வரை இறங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆகவே பத்து மணிக்கு ஏணியின் அடிக்கு வந்திருக்க வேண்டும். மேலே அருவி விளிம்பைப் பார்த்துவிட்டு ஏணிக்குத் திரும்பி இறங்க ஒன்றரை மணி நேரம் என்றால், எட்டரைக்கு மேலே ஏறி முடித்திருக்க வேண்டும். காரிலிருந்து அதுவரை ஏற இரண்டரை மணி நேரம். நடை தொடங்க வேண்டியது ஆறு மணி. அதற்குமுன் சாலை, வண்டி மாற்றம், பதிவு எல்லாம். அப்படியானால் எழ வேண்டியது நான்கு மணிக்கு. புளிசாதத்தை முந்தைய இரவே கட்டியிருக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

கூடவே ஒரு திரும்பும் நேரத்தைக் குறித்து, குழுவில் எல்லாருக்கும் புறப்படும் முன்னரே சொல்லிவிடுங்கள். அந்த நேரம் வந்ததும் உச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். மேலே வைத்து விவாதித்தால் எப்போதும் "இன்னும் பத்து நிமிடம்" கட்சிதான் ஜெயிக்கும். மூவருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் உடனிருக்கவும் ஒருவர் உதவி தேடவும் ஆள் வேண்டும். வேகம் குழுவின் மிக மெதுவானவரின் வேகம். கடல்மட்டத்து டர்பனிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு 3,000 மீட்டரில் மூச்சிரைப்பதும் இலேசான தலைவலியும் இயல்பு, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

8. மேகத்தைக் கவனியுங்கள், மின்னலுக்குமுன் இறங்குங்கள்

அரை மணிக்கொருமுறை நின்று, மலைவிளிம்பின் மேலும் முதுகுக்குப் பின்னாலும் பாருங்கள். வெள்ளைப் பொதிகள் அகலத்தில் வளர்ந்தால் அவசரமில்லை. உயரத்தில் வளர்ந்தால் அவசரம். உச்சி தட்டையாக விரிந்து கொல்லனின் பட்டறைக் கல் போல ஆகிவிட்டால் அது முழுதாக முற்றிய இடிமேகம்; அது இன்னொரு பள்ளத்தாக்கின்மேல் நின்றாலும் நீங்கள் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். ஒலி மூன்று வினாடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவென்றால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்த மின்னல் உங்கள்மேலே விழலாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே மீண்டும் திறந்த வெளிக்கு வர வேண்டும். அந்த முப்பது நிமிடம் மிகவும் நீளமானது. மழை விட்டதும் எழுந்து நடக்கும் ஆசையை அடக்குங்கள்.

இறங்க நேரமில்லாமல் மாட்டிக்கொண்டால் முகடு, தனி மரம், தனிப் பாறை, இரும்பு ஏணி, கம்பி வேலி, நீரோடை இவற்றை விட்டு விலகுங்கள். மலைச்சரிவின் நடுப்பகுதியில், சுற்றிலும் உள்ளவற்றைவிடத் தாழ்ந்த இடத்தில், முதுகுப்பையைக் கீழே போட்டு அதன்மேல் இரு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது, அருகில் விழும் மின்னலின் பாய்ச்சல் தரை வழியாக உடல் நீளத்துக்கும் பரவும். நடைக்கோலைத் தள்ளி வையுங்கள். பயத்தில் எல்லாரும் ஒட்டி உட்காருவது இயல்பு, ஆனால் இருபது மீட்டருக்குக் குறையாமல் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். ஒரே மின்னலில் எல்லாரும் விழுந்தால் உதவ ஆளிருக்காது. தலைமுடி சிலிர்த்தாலோ, கோலிலோ பாறையிலோ ரீங்காரம் கேட்டாலோ, மின்னல் அங்கேயே விழப்போகிறது. அந்தக் கணமே குந்துங்கள்.

புதியவர்கள் எல்லாரும் விழும் பொறி ஒன்று: குகை. டிராக்கன்ஸ்பெர்க்கில் குகை என்று சொல்வது பெரும்பாலும் ஆழமில்லாத பாறை முகப்புகளைத்தான். மழைக்கு அவை நல்ல கூரை, மின்னலுக்கு அல்ல. மேலேயிருந்து பாறை வழியே வரும் மின்சாரம், கூரைக்கும் தரைக்கும் இடையே குகை முகப்பில் நிற்பவர் உடல் வழியாகத் தாண்டும். உள்ளே போவதானால் விளிம்பிலும் நிற்காதீர்கள், சுவரிலும் சாயாதீர்கள். கூடாரமும் காப்பல்ல. கதவு மூடிய கார் நல்ல காப்பு.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று ஊரில் சொல்வதுண்டு, அது தவறு. அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி உயிரூட்டும் முதலுதவியைத் தொடங்குங்கள், பலர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். இணைப்பு கிடைத்தால் கைப்பேசியிலிருந்து 112. ஆம்புலன்ஸ் எண் 10177.

9. ஆறு ஏறியிருந்தால் உட்காருங்கள்

உங்கள் தலைமேல் ஒரு துளியும் விழாமல் உங்கள் முன்னே உள்ள ஓடை நிரம்பலாம். மேலே விளிம்பில் பெய்தது செங்குத்துச் சரிவில் சில நிமிடங்களில் இறங்கி வந்துவிடும். நீர் நிறம் மாறுவது, குச்சியும் புல்லும் மிதந்து வருவது, ஆற்றடியில் கற்கள் உருளும் ஓசை, இவற்றில் எது இருந்தாலும் கடக்காதீர்கள். முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் நீர் ஒரு பெரிய மனிதரைச் சாய்த்துவிடும்.

இதில் ஆறுதல் ஒன்றுதான்: வேகமாக ஏறும் இந்த ஆறுகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். எனவே மழைச்சட்டையையும் கம்பளிச் சட்டையையும் போட்டுக்கொண்டு, கரையிலிருந்து மேடான இடத்தில் உட்கார்ந்து, நீர்மட்டத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக் காத்திருப்பதே வழி. வாயில் ஏழு மணிக்கு மூடிவிடுவார்களே என்ற பதற்றத்தில்தான் பலர் இறங்குகிறார்கள். எங்களில் ஒருவரும் இறங்கப் போனார், மற்ற மூவரும் பிடித்து உட்கார வைத்தோம். வாயிலைத் திறக்க வைக்கலாம். டார்ச் இருந்தால் இருட்டிலும் கடக்கலாம். அன்று எங்களிடம் அதுவும் இல்லை. கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். காலையில் ஓடையைத் தாண்டும்போதே, மாலையில் இது ஏறியிருந்தால் வேறு வழி உண்டா என்று வரைபடத்தில் பார்த்து வைப்பது நல்லது; கீழே பாலம் இருக்கும் பாதைகளும் உண்டு.

10. மூடுபனியில் நகராதீர்கள்

ஐந்து நிமிடத்தில் வந்து சூழும். பாதை காலடியில் தெளிவாகத் தெரியும்வரை நடக்கலாம். தெரியாத கணத்தில் நில்லுங்கள், எல்லாரும் ஒன்றாக. கைப்பேசியில் முன்னரே இறக்கி வைத்த வரைபடம் இருந்தால் அதைப் பார்த்து வந்த வழியே திரும்புங்கள். குறுக்குவழி தேடி ஓடையின் போக்கில் இறங்க வேண்டாம், ஓடைகள் இங்கே அருவிகளில் முடிகின்றன. மலைவிளிம்பின் மேலே இருந்தால் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி உட்காருங்கள்.

11. திரும்பியதும்

பதிவேட்டில் திரும்பிய நேரத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். களைப்பில் இதை மறந்து டர்பன் திரும்பிவிட்டால், நீங்கள் வீட்டில் தூங்கும் நேரத்தில் தன்னார்வ மீட்புக் குழுவினர் இருட்டில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஈரச் சட்டையைக் காரில் ஏறுமுன் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கென ஒரு பருத்திச் சட்டை காரில் இருக்கட்டும், அங்கே அது நல்லது. பிற்பகல் இடிமழைக்குப் பின் என்-3 சாலையில், குறிப்பாக ஹில்டனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையேயான டவுன் ஹில் இறக்கத்தில், மூடுபனி அடர்ந்திருக்கும். கனரக லாரிகள் நிறைந்த சாலை அது. இருட்டுமுன் அந்த இறக்கத்தைத் தாண்டிவிடும்படி, இரண்டு, இரண்டரை மணிக்கெல்லாம் மலையடியிலிருந்து கிளம்புங்கள். இணைப்பு கிடைத்த முதல் இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, அவசரத்துக்கு என்று எவர் எண்ணைக் கொடுத்தீர்களோ அவரை அழைத்து, இறங்கிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.